நெடுநோயும் நமது கதைகளும்

தமிழ்ப் புனைகதையில் நுரையீரல் நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது க்ஷயரோகமே. நாயகன் இருமுகின்றான், கைக்குட்டையில் இரத்தம் படிகின்றது, அடுத்த அத்தியாயத்தில் மரணம். 1948இல் புதுமைப்பித்தனைப் பலிகொண்ட நோயும் அதுவே. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதோடு அந்நோயின் கதி மாறத் தொடங்கிற்று. கதாசிரியரின் பழைய உத்தியோ இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

அவ்வுத்திக்குள் அடங்காத நோய்களும் உள. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் முடக்குவாதத்திலும், தோல் இறுகும் ஸ்கிளீரோடேர்மாவிலும், நுரையீரலின் காற்றறைகளைச் சூழ்ந்த மெல்லிய இழையம் அழற்சியுற்றுத் தழும்பேறலாம். இதன் போக்கு ஒரே தன்மையதன்று. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அசையாது நிற்கும். சிலருக்குச் சிறுகச் சிறுக மூச்சைக் குறைக்கும். சிலரை விரைவில் வீழ்த்திவிடும். ஆதலாற்றான் வைத்தியர்கள் மூச்சின் கொள்ளளவை மீண்டும் மீண்டும் அளந்து பார்க்கின்றனர். 2019இல் அமெரிக்காவில் ஸ்கிளீரோடேர்மா நுரையீரல் நோய்க்கு அனுமதிக்கப்பட்ட நின்டெடனிப் என்ற மருந்தும் தழும்பை மாற்றுவதில்லை. நோயின் வேகத்தையே தணிக்கின்றது.

மருத்துவ விவரம் இலக்கியமாகுமா எனத் தூய கலைவாதிகள் வினவலாம். ஸ்கிளீரோடேர்மா எனப் பிற்காலத்தில் கருதப்பட்ட நோய் 1935 முதல் ஓவியர் பால் கிளேயைப் பீடித்தது. 1940இல் அவர் மறைந்தார். இடையே, 1939 என்ற ஓராண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை ஆக்கினார். நோய் அங்கே முடிவுரையன்று. வாழ்வு நடக்கும் களம்.

குறளின் மருந்து அதிகாரம் நோயாளியோடும் வைத்தியரோடும் மருந்தையும், அருகிருந்து பேணுபவரையும் சேர்த்தே எண்ணுகின்றது. நமது கதைகள் பின்னிருவரையும் பெரும்பாலும் மறந்தன. இந்நோய்களுக்கு அதிகம் ஆளாவோர் பெண்கள். வெள்ளவத்தை மாடிவீட்டில் வசதியோடு வாழும் பெண்ணுக்கும், விரல் இறுகியதால் தையற்கூலியை இழந்த கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்கும் நோயின் பெயர் ஒன்றே, வழி ஒன்றாகுமா? 2022இல் அந்நியச் செலாவணி வற்றி அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, வெளியில் விலைகொடுத்து வாங்க முடியாதவர் யார்? நோயின் போக்கை நிர்ணயிப்பது இழையம் மட்டுமன்று, சமுதாயமுமாகும்.

எனவே நாம் கோருவது மற்றுமொரு கண்ணீர்க் கதையையன்று. பஸ் கட்டணத்தையும், கிளினிக் வரிசையையும், படியேறுகையில் நின்று மூச்சு வாங்கி மறுநாளும் வேலைக்குப் புறப்படும் மனவுறுதியையும் ஆண்டுகளின் நீளத்தில் வைத்துக் காட்டும் யதார்த்த எழுத்தையே கோருகின்றோம். அத்தகைய கதையை மாணவருக்குக் கற்பிக்க நாம் காத்திருக்கின்றோம்.