உழிஞை உண்டு, நொச்சி இல்லை: மெலாவத்திக் குன்றுப் போர்களை எழுதியோர் நோக்கு

முன்னுரை

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, கோலசிலாங்கூர் நகரை ஒட்டி, உயரம் குறைந்த ஒரு குன்று உள்ளது. புக்கிட் மெலாவத்தி என்பது அதன் பெயர். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா முதலிய தோட்டப்புற வட்டாரங்களின் தமிழ்ப்பள்ளிகளுக்கு மிக அருகிலுள்ள வரலாற்றுச் சின்னம் இதுவே எனலாம். பழம் பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் அரச கல்லறைகளும் அங்கு உள்ளன. ஆயினும் அக்குன்றில் போரிட்டோர் யாவர், எதை எண்ணி அங்கு நின்றனர், எதை எண்ணி இறங்கினர் என்னும் வினாக்களுக்கு நம் பாடநூல்களிலோ அவற்றுக்கு மூலமான நூல்களிலோ நிறைவான விடை கிடைப்பதில்லை. சிலாங்கூர் உள்நாட்டுப் போர் (1867-1874) குறித்த எழுத்துகளில் இக்குன்று எவ்வாறு கையாளப்பட்டுள்ளது என்பதைத் தமிழ்ப் புறத்திணை மரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குன்றும் அதன் கைமாற்றங்களும்

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருங்கக் காண்போம். 1784 இல் மலாக்காவைத் தாக்கிய ராஜா ஹாஜி மாண்டபின், டச்சுக் கப்பற்படை கோலசிலாங்கூரைக் கைப்பற்றியது. சுல்தான் இப்ராகிம் பகாங்கிற்குச் சென்றார். டச்சுக்காரர்கள் தம் தலைமை ஆளுநரின் பெயரால் மெலாவத்திக் கோட்டைக்கு அல்திங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே, 1785 ஜூன் மாத இறுதியில், சுல்தான் பகாங் வீரர்களின் துணையோடு கோட்டையை மீட்டார். காவற்படை பீரங்கிகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறியது. அதன்பின் டச்சுக்காரர்கள் குன்றின்மீது மீண்டும் ஏறவில்லை. ஆற்று முகத்தைக் கப்பல்களால் மறித்து நின்றனர். 1786 இல் சுல்தான் உடன்படிக்கைக்கு இணங்கினார்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, கிள்ளான் ஈய வரி உரிமையை ஒட்டி ராஜா அப்துல்லாவுக்கும் ராஜா மஹாடிக்கும் மூண்ட பகை உள்நாட்டுப் போராயிற்று. சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனாகிய கெடா இளவரசர் துங்கு கூடின் 1868 இல் ஆட்சிப் பேராளராக அமர்த்தப்பட்டார். 1870 இல் கிள்ளானை இழந்த மஹாடி, அவ்வாண்டிலேயே கோலசிலாங்கூரைப் பிடித்தார். 1871 இல் பினாங்கு மரக்கலம் ஒன்று கொள்ளையிடப்பட்டதைக் காரணமாகக் காட்டி, 'ரினால்டோ' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஜூலைத் திங்களில் அங்கிருந்த கோட்டைகள்மீது குண்டு வீசியது. பின்னர்த் துருப்புகள் வந்திறங்கியபோது கோட்டைகள் ஆளின்றிக் கிடந்தன. குன்று கூடின் கைக்கு மாறியது. 1872 இல் மஹாடி தரப்பினர் அதனை மீட்டனர். 1873 நவம்பரில் பகாங் படையின் உதவியோடு கூடின் தரப்பு மீண்டும் வென்றது.

இவ்வளவு சிறிய குன்றுக்கு இத்தனை போட்டி ஏன்? உலு சிலாங்கூரின் ஈயம் கடலுக்குச் செல்லும் வழி அந்த ஆறு. உள்நாட்டுச் சுரங்கங்களுக்கு அரிசியும் வெடிமருந்தும் ஏறிவரும் வழியும் அதுவே. குன்றில் நின்றவர் ஆற்றை ஆண்டார்; ஆற்றை ஆண்டவர் வரியைப் பெற்றார்; வரியைப் பெற்றவரே படையை வைத்திருக்க முடிந்தது.

எழுதியோர் நின்ற இடம்

இந்நிகழ்ச்சிகளை எழுதியோரை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது மலாய் அரச மரபு வரலாறு. ராஜா ஹாஜியின் பேரனாகிய ராஜா அலி ஹாஜி 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'துஹ்ஃபாத் அல்-நஃபிஸ்' 18ஆம் நூற்றாண்டுப் போர்களை பூகிஸ் மரபினரின் பெருமையாகவும் துயரமாகவும் காண்கிறது. அங்குக் குன்றைவிடக் குலமே முதன்மை பெறுகிறது. இரண்டாவது காலனிய எழுத்து. 1874 இல் சிலாங்கூரில் பணியேற்ற ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் 1906 இல் வெளியிட்ட 'பிரிட்டிஷ் மலாயா' இதற்குத் தக்க சான்று. உள்நாட்டுப் போரை ஒழுங்கின்மையின் சான்றாகக் காட்டி, பிரிட்டிஷ் தலையீட்டை அதற்கு மருந்தாக நிறுவுவது அந்நூலின் போக்கு. மூன்றாவது, இவ்விரண்டையும் ஆண்டு வரிசையில் அடுக்கும் பிற்கால வரலாற்று நூல்களும் பள்ளிப் பாடநூல்களும். இவற்றில் போர் என்பது 1874க்கு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றுக்கும் தனித்தனிப் பயன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் மூன்றிலும் ஒரு பொதுக்குறை தென்படுகிறது. குன்றைத் தாக்கியவரின் எண்ணம் விரிவாகச் சொல்லப்படுகிறது. உள்ளே நின்றவரின் எண்ணம் சொல்லப்படுவதில்லை. 1785 இன் டச்சுக் காவற்படை அஞ்சி ஓடியது என்னும் ஒரு தொடரோடு முடிந்துவிடுகிறது. 1871 இல் மஹாடியின் ஆட்கள் கோட்டையை விட்டு நீங்கியது குண்டுவீச்சின் வெற்றிக்கு அளவுகோலாக மட்டுமே நிற்கிறது. நீங்கியவர்கள் எங்குச் சென்றனர், ஏன் அடுத்த ஆண்டே திரும்பிவர இயன்றது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

திணைக் கோட்பாடு தரும் வெளிச்சம்

இவ்விடத்தில் நம் இலக்கண மரபு நமக்குத் துணைநிற்கிறது. தொல்காப்பியம் அரண் முற்றலை உழிஞைத் திணையாக, மருதத்தின் புறனாக வகுத்தது. அத்திணையிலேயே புறத்து நிற்போன் செயலும் அகத்து நிற்போன் செயலும் இடம்பெற்றன. பின்வந்த ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் காப்போரின் செயலை நொச்சி எனத் தனியே பிரித்தார். எம்முறையைக் கொண்டாலும், முற்றுகை என்பது இருவர் வினை என்பது தமிழ்ப் பொருளிலக்கணத்தின் தெளிவு. மெலாவத்திக் குன்றை எழுதியோரிடம் உழிஞை உண்டு, நொச்சி இல்லை. இதுவே நம் திறனாய்வின் மையக் கருத்தாகும்.

மலாய் மண்ணின் போருக்குத் தமிழ்த் திணையைப் பொருத்துவது முறையா என்று கேட்கலாம். அப்போரைத் தமிழருடையதாக்கும் எண்ணம் நமக்கில்லை. கண்ணுக்குப் படாத ஒரு பக்கத்தைக் காண உதவும் கருவியாகவே திணையைக் கொள்கிறோம். காலனிய எழுத்தின் வகைப்பாடுகளும் வெளியிலிருந்து வந்தவையே என்பது நினைக்கத்தக்கது.

இக்கருவியைக் கையிலெடுத்தவுடன் முதலில் புலப்படுவது உணவு. திருக்குறளின் அரண் அதிகாரம் கோட்டைக்குரிய இலக்கணமாகக் கொள்ளுதற்கரிய தன்மையை மட்டும் கூறவில்லை. உள்ளே உணவு இருத்தலையும், இருப்போர் நிலைத்து நிற்பதற்கு எளிதாதலையும் உடன் கூறுகிறது. மூவேந்தர் முற்றிய பறம்பைப் பாடிய கபிலரும், வாளின் வலிமையைச் சொல்லுமுன் உழாமலே அம்மலை தரும் மூங்கில் நெல், பலா, கிழங்கு, தேன் ஆகியவற்றையே எடுத்துரைத்தார். பறம்பு தன்னைத் தானே ஊட்டிய மலை, மெலாவத்தி அத்தகையதன்று. அதன் அரிசி ஆற்றின் வழியாகவோ கடலின் வழியாகவோ வந்தாக வேண்டும். எனவே 1786 இல் டச்சுக்காரர்கள் குன்றைத் தொடாமலே உடன்படிக்கை பெற்றது வியப்பன்று. அவர்கள் மறித்தது குன்றையன்று, அதன் உணவு வழியையே.

இரு குன்றுகள், இரு முடிவுகள்

உள்ளிருப்போரின் தீர்மானம் எத்துணை முதன்மையானது என்பதை 1871, 1872 ஆகிய ஈராண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு உணரலாம்.

1871 இல் மெலாவத்தியில் நின்றோரின் பீரங்கிகள் ஆற்றையும் கடலையும் நோக்கியவை. ஆனால் போர்க்கப்பலின் பீரங்கிகள் அவற்றினும் வலியவை. நின்று மடிவதா, இறங்கி உள்நாட்டுக்குள் செல்வதா என்னும் வினாவுக்கு அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். குன்றின் பின்புறம் காடும் ஆற்றின் மேற்பகுதியும் இன்னும் திறந்திருந்தன. குன்று போயிற்று, ஆட்கள் எஞ்சினர். அடுத்த ஆண்டு குன்றும் திரும்பியது.

1872 இல் கோலாலம்பூரில் நிலைமை நேர்மாறானது. இன்று புக்கிட் நானாஸ் எனப்படும் குன்றில் கூடினின் படையொன்று வான் ஹாகன் என்னும் ஐரோப்பியரின் தலைமையில் நின்றது. ஐரோப்பியர் சிலரும் இந்தியச் சிப்பாய்களும் கலந்த கூலிப்படை அது. மண்டைலிங் தலைவர்களாகிய ராஜா ஆசாலும் சூத்தான் புவாசாவும் மஹாடி பக்கம் சாய்ந்தபின், சையத் மஷோரின் ஆட்களும் சேர்ந்து வழிகளை அடைத்தனர். குன்றிலிருந்தோர் வெளியேற முடிவு செய்தபோது காலம் கடந்திருந்தது. தப்பிச் செல்லும் வழியில் பெட்டாலிங் அருகே அவர்கள் அகப்பட்டனர், பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

இரு படைகளும் எடுத்த முடிவு ஒன்றே: குன்றை விட்டு இறங்குவது. வேறுபாடு காலத்திலும் பின்வழியிலும் இருந்தது. முதற்படை வழி திறந்திருக்கையில் இறங்கியது. இரண்டாவது படை வழி அடைபட்டபின் இறங்கியது. நம் நூல்களோ முன்னதைத் தோல்வி என்றும் பின்னதை அழிவு என்றும் எழுதி, இரண்டுக்கும் இடையிலுள்ள போர்த்திறன் வேறுபாட்டை விட்டுவிடுகின்றன.

புறமுதுகும் பின்வாங்கலும்

இக்குறைக்குக் காலனிய எழுத்தை மட்டும் பழிப்பது நடுநிலையாகாது. நம் புறப்பாடல்களும் இறங்கியவனுக்கு இடம் தருவதில்லை. முதுகில் புண்பட்ட மகனை ஏற்க மறுக்கும் தாயையே புறநானூறு போற்றுகிறது. நின்று பட்டவனுக்கு நடுகல் உண்டு. வழியறிந்து மீண்டவனுக்குத் துறை இல்லை. எனினும் மரபு இவ்வொரு குரலோடு நின்றுவிடவில்லை. காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் ஊக்கமுடையோனின் அடக்கத்தை, தாக்குதற்குமுன் பின்னோக்கிச் செல்லும் ஆட்டுக்கடாவுக்கு ஒப்பிட்டார். மெலாவத்தியிலிருந்து இறங்கியோரைப் படிக்க நமக்கு வேண்டுவது படைச்செருக்கு மட்டுமன்று. காலமறிதலும் இடனறிதலும் ஆகும்.

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் இப்பார்வை புதிதன்று. சயாம் மரண ரயில்பாதையைப் பொருளாகக் கொண்ட ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் போரைப் படைத்தலைவரின் பக்கம் நின்று சொல்லவில்லை. அதில் அகப்பட்ட தோட்டத் தொழிலாளியின் பக்கம் நின்று சொல்கின்றன. அகத்தோன் கண்ணால் போரைக் காணும் திறன் நம் இலக்கியத்திடம் உள்ளது. அத்திறன் 20ஆம் நூற்றாண்டுப் போர்களுக்கு அப்பால் பின்னோக்கிச் செல்லவில்லை என்பதே நம் கருத்து.

அவ்வாறு செல்ல வேண்டியதற்குக் காரணம் உண்டு. தோட்டத் தமிழரின் கதையை நாம் பெரும்பாலும் கப்பலிலும் கங்காணியிலும் தொடங்குகிறோம். ஆனால் அக்கப்பல் வந்து சேர்ந்த சிலாங்கூர் இக்குன்றுப் போர்களின் விளைவாக உருவானது. துங்கு கூடினுக்குப் பொருளுதவி செய்த சிங்கப்பூர் வழக்கறிஞர் டேவிட்சனே 1875 இல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்ட் ஆனார். அவ்வாட்சியின் கீழ்தான் சாலையும் இருப்புப்பாதையும் காப்பித் தோட்டமும் ரப்பர்த் தோட்டமும் வந்தன. மேலும், நம் முன்னோர் பால்மரம் சீவ வருமுன்னரே இந்தியச் சிப்பாய்கள் கூலிக்குப் போரிட்டு இம்மண்ணில் மடிந்துள்ளனர். நூல்கள் அவர்களைச் 'சிப்பாய்கள்' என்னும் பன்மைச் சொல்லில் அடக்கிவிட்டன. பின்வந்த தொழிலாளரைக் 'கூலிகள்' என்னும் பன்மை அடக்கியதும் அவ்வாறே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மெலாவத்திக் குன்று பற்றிய எழுத்துகள் தாக்கியவரின் நூல்களாகவே அமைந்துள்ளன என்பதும், காத்தவரின் தீர்மானங்களை அவற்றின் இடைவெளிகளிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியுள்ளது என்பதும் பெறப்படும். வகுப்பறையில் இதற்குப் பெருமுயற்சி தேவையில்லை. புறத்திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் உழிஞைக்கும் நொச்சிக்கும் பறம்பை மட்டும் எடுத்துக்காட்டாமல், மாணவர் கண்டறிந்த மெலாவத்தியையும் உடன் காட்டலாம். குன்றை யார் பிடித்தார் என்னும் வினாவோடு, உணவு எவ்வழியே வந்தது, இறங்கும் வழி எப்போது அடைபட்டது, யார் பெயரின்றி விடப்பட்டனர் என்னும் வினாக்களையும் எழுப்பலாம். அவ்வாறு படிக்கப் பழகும் மாணவர், தம் தோட்டத்தின் கதையை எழுதியோர் எந்தப் பக்கம் நின்று எழுதினர் என்பதையும் கேட்கத் தொடங்குவர்.