பெட்டி இங்கே, அலை எங்கே?

வானொலியைப் பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் பழைய மரப்பெட்டியை நினைத்துக் கண்கலங்குவர். மறு சாரார் கைப்பேசியை உயர்த்திக் காட்டி, எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறதே என்பர். இவ்விருவரோடும் நம்மால் முழுமையாக உடன்பட இயலவில்லை. பழையது என்பதற்காக ஒன்று சிறந்ததாகிவிடாது. புதியது என்பதனாலேயே அது எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிடுவதும் இல்லை. எனவே, கடந்த சில ஆண்டுகளில் தமிழ் வானொலி உலகில் நிகழ்ந்துள்ள மாற்றங்களை ஒரே கேள்வியால் அளந்து பார்க்க விழைகிறோம். இம்மாற்றத்தினால் புதிதாகக் கேட்க வாய்த்தவர் யார்? கேட்க இயலாது போனவர் யார்?

இலண்டனிலிருந்து 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை, 76 ஆண்டுகள் ஒலித்தபின் 2017 ஏப்ரல் 30ஆம் நாள் தன் வானொலிச் சேவையை முடித்துக்கொண்டது. இணையத்தளமும் காணொளியும் அதன் இடத்தைப் பிடித்தன. அடுத்த ஆண்டே, 2018 ஜூன் 30ஆம் நாளோடு, மணிலாவின் வேரித்தாஸ் வானொலி தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் தமிழ்ப் பணியும் இணையத்திற்குக் குடிபெயர்ந்தது. சிற்றலை ஒலிபரப்பிகளை இயக்கப் பெருஞ்செலவாகும் என்பதையும், நேயர்கள் பலர் ஏற்கெனவே இணையத்தின் பக்கம் சென்றுவிட்டனர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் 'பலர்' என்னும் சொல்லுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி எவரும் பேசக் காணோம்.

வேரித்தாஸ் நம்மவர்க்கு அயலான நிலையம் அன்று. ஆசிய மக்களுக்கென ஒரு கத்தோலிக்க வானொலி வேண்டும் என்று 1958இல் மணிலாவில் கூடிய ஆயர்கள் முடிவு செய்தனர். 1969இல் அந்த எண்ணம் நிலையமாக எழுந்தது. 1981 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் (நம் மூத்தோர் நாவில் இன்றும் அருள் சின்னப்பர்தான்) அந்நிலையத்திற்கே சென்று ஆசிய மக்களை நோக்கி உரையாற்றினார். 1986இல் பிலிப்பைன்சு மக்கள் மார்க்கோசின் ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கியபோது, கர்தினால் சின் விடுத்த அழைப்பு வேரித்தாஸ் வழியாகவே ஊரெங்கும் பரவியது. அதன் ஒலிபரப்பியை அடித்து நொறுக்கினார்கள். நிலையத்தார் வேறோரிடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். எளிய மக்களின் காதை எட்டுவதற்காக எவ்வளவு தூரமும் போகலாம் என்னும் பிடிவாதம் அந்நிலையத்தின் பிறப்பிலேயே ஊறியது. அதனால்தான் அதன் சிற்றலை ஓய்ந்ததை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நம்மால் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

சிற்றலையின் தன்மையை இளைய வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். அது வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் தெறித்து, கடலையும் மலையையும் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குவது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் கோபுரம் கிடையாது, நிறுவனம் கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது. கேட்டவர் யார் என்பதற்குச் சுவடே இராது. 1990களில், போரின் நடுவே, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பேட்டரிகளுக்கும் தடை. அங்கிருந்த மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, ஊரே சூழ்ந்திருந்து செய்தி கேட்டது. இணையத்தைக் குறித்து எத்தனை புகழுரை கூறினாலும், ஓர் அரசு நினைத்தால் ஒரே ஆணையில் ஒரு மாவட்டத்தின் இணையத்தை அணைத்துவிட முடியும் என்பதை நாம் இந்தியாவிலேயே பலமுறை கண்டுவிட்டோம். சிற்றலையைக் குறுக்கொலியால் கெடுக்கலாம். அவ்வளவு எளிதில் அணைத்துவிட இயலாது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். ஆத்தூர் ஒரு பள்ளத்தாக்கு நகரம். வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, இடையே வசிட்ட நதி. பண்பலை நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையது. குன்று குறுக்கிட்டால் அதன் பின்புறம் அலை மெலிந்துவிடும். மத்திய அலையோ நிலத்தைத் தழுவியபடி வரும். ஆகவேதான் 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம், நூறு கிலோமீட்டருக்கும் மேல் தொலைவிலிருந்தும், இப்பகுதி மக்களுக்கு அண்டை வீட்டுக் குரல்போல் இருந்தது. சேகோ ஆலைக் களத்தில் ஈர மாவை உலர்த்துவோருக்கும், குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை செய்வோருக்கும் கையும் கண்ணும் ஓயாது. ஓய்ந்திருப்பது காது ஒன்றே. மழை வருமா என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்குச் செய்தி அன்று. களத்தில் பரப்பிய மாவு நனைந்தால் அன்றைய உழைப்பு போயிற்று. இத்தகையோருக்குத் திரையைத் தொட்டுத் தேடி எடுக்க வேண்டிய ஒலி பயன்படாது. தானாக ஒலித்துக்கொண்டிருக்கும் ஒலியே பயன்படும்.

திருச்சி நிலையத்தின் வலிமையை அறிய ஒரே சான்று போதும். 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் இரகம் தஞ்சைப் பகுதியில் பரவியபோது உழவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். வேளாண் அறிஞர்கள் சூட்டிய பெயரை விட்டுவிட்டு, அதைத் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெட்டியின் பெயரையே சூட்டினார்கள். ஒரு நிலையத்திற்கு இதனினும் மேலான விருது ஏது?

அந்த அகில இந்திய வானொலி இந்த எண்ணிமக் காலத்தில் செய்தது என்ன? டிஆர்எம் எனப்படும் எண்ணிம ஒலிபரப்பு முறையைத் தேர்ந்து, நாடெங்கும் 30க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை அதற்கேற்ப நிறுவியது. சென்னையும் அவற்றுள் ஒன்று. கருத்தளவில் இம்முறையில் குறை சொல்ல நமக்கு ஏதுமில்லை. இரைச்சலற்ற ஒலி, ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள், பேரிடர் எச்சரிக்கை, குறைந்த மின்செலவு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்குரிய பெட்டி கடைவீதியில் இல்லை. கிடைத்த ஒன்றிரண்டின் விலையோ கூலித் தொழிலாளி எட்டக்கூடியதாக இல்லை. பிற்பாடு அந்த வசதி எங்கே வந்தது தெரியுமா? புதிய கார்கள் பலவற்றில்! மக்கள் பணத்தில் எழுந்த ஒலிபரப்பியின் தெளிந்த ஒலி காரில் செல்பவருக்கு; கரகரப்பு களத்துமேட்டில் நிற்பவருக்கு.

ஆக, நம் காலத்து விந்தை இதுதான். சிற்றலைக்கு நம் வீடுகளில் பெட்டி இருந்தது, அலையை நிறுத்திவிட்டார்கள். எண்ணிம முறைக்கு அலையை எழுப்பிவிட்டார்கள், பெட்டி வந்து சேரவில்லை. இரண்டு முடிவுகளும் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டவை என்றே கொள்வோம். இரண்டிலும், அனுப்புபவரின் வசதி முதலில் எண்ணப்பட்டது. பெறுபவரின் கையில் என்ன இருக்கிறது என்பது பிறகுதான் எண்ணப்பட்டது. கைப்பேசியிலும் இதே கதை. பழைய பொத்தான் கைப்பேசிகளில் பண்பலை இருந்தது. இயர்போன் கம்பியே அதற்கு வான்கம்பி. விலை உயர்ந்த புதிய பேசிகள் பலவற்றில் அவ்வசதி இல்லாமற் போகவே, 2023 ஏப்ரலில் நடுவண் அமைச்சகமே தலையிட்டு, பண்பலை வசதியை முடக்காதீர்கள் என்று உற்பத்தியாளர்களை அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

புதிய முறையால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையன்று. வளைகுடாவில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் நம் பிள்ளைகள், தமக்கு வாய்த்த நேரத்தில் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள். அன்று காலையிலோ இரவிலோ அந்த அரைமணியைத் தவற விட்டால் விட்டதுதான். இன்று மீண்டும் கேட்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். 2020இல் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தபோது வீட்டிலிருந்தே திருப்பலியில் ஒன்றித்திருக்க இணையம் துணை நின்றதை எவர் மறக்க முடியும்? சிற்றலையின் ஏற்ற இறக்கமும் இரைச்சலும் இன்றி, பேசுபவரின் மூச்சுக்கூடக் கேட்கிறது. கேட்கும் வட்டம் ஒருபுறம் விரிந்திருக்கிறது என்பது உண்மையே. அது மறுபுறம் சுருங்கியிருக்கிறது என்பதுதான் நம் முறையீடு.

சுருங்கியது ஏன் கண்ணில் படவில்லை? எண்ணும் முறை மாறிவிட்டதே காரணம் என்று கருதுகிறோம். முன்பு நிலையங்கள் கடிதங்களால் தம் நேயரை அறிந்தன. ஊர்தோறும் நேயர் மன்றங்கள் இருந்தன. ஒலித்தரம் எப்படி இருந்தது, நாடகம் பிடித்ததா, பாடகர் பெயரைத் தவறாகச் சொன்னீரே என்றெல்லாம் அஞ்சலட்டையில் நெருக்கி எழுதுவார்கள். பதிலுக்கு நிலையத்திலிருந்து வண்ண அட்டை வரும். அது வந்த நாள் அந்தத் தெருவுக்கே திருநாள். 1963இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ்ப் பிரிவுக்குக்கூட நம் சிற்றூர்களிலிருந்து கடிதங்கள் குவிந்ததை மூத்த நேயர்கள் அறிவர். இன்றோ எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை நொடி இருந்தார்கள் என்று இயந்திரம் கணக்குச் சொல்கிறது. துல்லியமான கணக்குதான். ஆனால் இணையத்திற்கு வராதவர் அக்கணக்கில் சுழியமாகக்கூட இடம்பெறார். அவர் போனதையும் அக்கணக்கு காட்டாது. முன்பு எழுதியவர் ஒருவர் என்றால் எழுதாமல் கேட்டவர் நூறுபேர் இருப்பர் என்று நிலையத்தார் ஊகித்தார்கள். காணாத நேயரை நம்பிப் பேசும் அந்தப் பழக்கம் இப்போது அரிதாகிவிட்டது.

நேயர் மாறியதும் நிகழ்ச்சியும் மாறியது. இதுவே திறனாய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டிய இடம். இணையத்திற்குச் சென்ற வானொலிகள் பல, ஒலியை மட்டும் நம்பி நிற்கத் துணியவில்லை. இரண்டு நிமிடத் துண்டு, அதற்கொரு படம், படத்தின்மேல் ஓடும் எழுத்து! வானொலியின் பெருமையே, படமில்லாமல் படம் காட்டியதுதான். தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தபோதும், கொழும்பிலிருந்து கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசியபோதும், அவர்கள் முகத்தை நம்மில் பெரும்பாலோர் கண்டதே இல்லை. உச்சரிப்பின் தெளிவும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விட்ட இடைவெளியும் போதுமாயிருந்தன. அரைமணி நேர உரைச்சித்திரத்தை அமைக்கத் தெரிந்த கைகளை இரண்டு நிமிடத் துண்டுகளுக்குப் பழக்கினால் சில ஆண்டுகளில் அக்கலையே மறந்துபோகும். தனியார் பண்பலைகளின் தமிழைப் பற்றிப் பேசி நம் வாசகர்களின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை.

ஆனால் பண்பலை குறித்து வேறொன்று சொல்லியாக வேண்டும். தனியார் நிலையங்களும் சமுதாய வானொலிகளும் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் நாட்டின் முதல் வளாக வானொலி தொடங்கியது. 2006இல் விதிகள் தளர்ந்து, தொண்டு அமைப்புகளும் சிறு நிலையம் நடத்தலாம் என்றானது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் தன் பேச்சுவழக்கிலேயே பேசக்கூடிய கருவி அது. இருந்தும், ஆத்தூரில் நேற்று நடந்ததை ஆத்தூருக்குச் சொல்ல அதற்கு உரிமை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது காவிரிப் படுகையில் மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிகளும் பல நாள் ஊமையாயின. அந்நாளில், இரண்டு பேட்டரிக் கட்டையில் இயங்கும் பெட்டியும் உள்ளூர்ச் செய்தி சொல்லும் நிலையமும் எத்தனை அவசியம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். வேரித்தாஸ் சிற்றலை அப்போது ஓய்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2022ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு உள்ளத்தின் செவியால் கேட்பதையே கருப்பொருளாகத் தந்தார். அச்செய்தியை நாம் வழக்கமாகக் கேட்பவருக்கு விடுத்த அறிவுரையாகவே படித்து வருகிறோம். அது ஒலிபரப்புபவருக்கும் உரியது. வேரித்தாஸ் தமிழ்ப் பணி போன்ற நிறுவனங்கள், இணையத்தைக் கைவிடாமலேயே, வாரம் ஒரு அரைமணியையாவது மத்திய அலையிலோ பண்பலையிலோ பெற முயலலாகாதா? ஊர்தோறும் இருந்த பழைய நேயர் மன்றத்தாரைத் தேடி, இப்போது என்ன கேட்கிறீர்கள், எதில் கேட்கிறீர்கள் என்று விசாரித்து ஒரு கணக்கெடுப்பாவது நடத்தலாகாதா?

அதுவரை பங்கு அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெமரி கார்டு போட்டுக் கேட்கும் சிறு ஒலிப்பெட்டிகள் கடைவீதியில் மலிவாகக் கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தினால் போதும், பேசும். ஒரு கார்டில் பல மாத நிகழ்ச்சிகள் அடங்கும். ஞாயிறுதோறும் இளையோர் இருவர் அவ்வார நிகழ்ச்சிகளைப் பதிவிறக்கி, கண் மங்கிய மூத்தோருக்கும் மலையடிவாரச் சிற்றூர்களுக்கும் கார்டை மாற்றிக் கொடுத்து வரலாம். பழைய கார்டைத் திரும்பப் பெறும்போது, எந்த நிகழ்ச்சி பிடித்தது, எது விளங்கவில்லை என்று கேட்டு ஓர் அஞ்சலட்டையில் எழுதி நிலையத்திற்கு அனுப்பலாம்.