டர்போ எஞ்சினின் சிக்கனச் சுருதி

வெளியேறும் சூடான புகையின் விசையால் ஒரு சுழலியைச் சுழற்றி, கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் அழுத்தித் தரும் டர்போசார்ஜர், 1905இல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை பெற்ற கருத்திலிருந்து வளர்ந்தது. ஆனால் அழுத்தம் மிகும்போது, தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்பே பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ நேர்வதால், பிஸ்டன் அக்கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதைக் குறிக்கும் அமுக்க விகிதத்தைப் பொறியாளர்கள் குறைத்தே வைத்தனர். அதனால் டர்போ ஓய்ந்திருக்கும் மெதுவோட்டத்திலும் எரிபொருள் வீணாயிற்று. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் தந்த ஏ.பி.சி. அமைப்பு, எஞ்சினில் பொருத்திய உணரியால் நாக்கிங்கின் அதிர்வைக் கண்டறிந்து, அது தோன்றும்போது மட்டும் டர்போவின் அழுத்தத்தைத் தணித்ததால், அமுக்க விகிதத்தை 7.2இலிருந்து 8.5ஆக உயர்த்த இயன்றது. வலிமையைக் கூட்டுவதைவிட, அதை உரிய நேரத்தில் அடக்கத் தெரிவதே இக்கலையின் உயர்வு.