மருந்துத் துளியின் பருமன்

வன்னியில் நெல்லுக்கு மருந்தடிப்பதைப் பற்றிய பேச்சு எப்போதும் எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதோடு நின்றுவிடுகிறது. 2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் தடை வந்தபோதும், அதே ஆண்டு நவம்பரில் அது விலக்கப்பட்டபோதும் விவாதம் அதைத் தாண்டவில்லை. மருந்து எவ்வளவு பெரிய துளியாகப் போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. விளைவில் பாதியை அதுவே தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

முதுகில் சுமக்கும் 16 லீற்றர் கைத்தெளிகருவியைக் குறைத்து மதிப்பிட முடியாது. எரிபொருள் வேண்டாம், சேற்றிலும் நடந்து அடிக்கலாம், வொஷர் தேய்ந்தால் கிளிநொச்சிக் கடைத்தெருவில் மாற்றலாம். அதன் கூம்பு நொசில் நீரைச் சுழற்றி மெல்லிய படலமாக விடுகிறது. படலம் இழைகளாகக் கிழிய, பரப்பிழுவிசை இழைகளைத் துளிகளாக அறுக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிளாட்டோவும் றேலியும் நீர்த்தாரையில் விளக்கிய உடைவின் தொடர்ச்சி இது. விட்டம் பாதியானால் அதே மருந்து எட்டு மடங்கு துளிகளாகிறது. பூச்சியைக் கொல்ல அது நல்லதே.

ஆனால் உடைவு சீராக நடப்பதில்லை. 400 மைக்ரோன் துளி நெல்லிலையின் மெழுகில் பட்டுத் தெறித்து உருளும். 50 மைக்ரோன் துளி மதிய வெயிலில் சில நொடிகளில் வற்றிவிடும். 100 மைக்ரோன் துளி நொடிக்குக் கால் மீற்றரளவே இறங்கும். இடுப்புயரத்திலிருந்து விழ அதற்கு நான்கு நொடி வேண்டும். நொடிக்கு 5 மீற்றர் வேகத்தில் சோளகம் வீசினால் அதற்குள் 20 மீற்றர் போய்விடும். சிறுபோகத்தில் அடிக்கும் எம்சிபிஏ களைநாசினி பக்கத்துக் காணிக் கச்சானைக் கருக்குவது இப்படித்தான். முதல் நச்சு அடிப்பவரின் மூக்குக்கே போகிறது. இதை நான் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

கபிலநிறத் தத்தியோ தூரடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மேலாக வீசியடித்த துளிகள் இலையடுக்கிலேயே தங்கிவிடும். தத்தி சாகாது, மேலே வலைகட்டிய சிலந்தி சாகும். பிறகு மருந்து போலி என்று அளவைக் கூட்டுவார்கள். நொசிலைத் தூருக்குள் இறக்கியடிக்கலாம்தான். ஆனால் வீச்சு விதைப்பு வயலில் அதற்கு வரிசை எங்கே?

துளிக்குள்ளேயே காற்றுக்குமிழிகளை அடைக்கும் நொசில்கள் இருக்கின்றன. அவற்றின் துளிகள் பருமனானவை, காற்றில் அலைவது குறைவு, உள்ளிருக்கும் குமிழிகளால் இலையில் தெறிப்பதும் குறைவு. களைநாசினிக்கு மிகவும் பொருந்தும். தூருக்குள் நுழைய வேண்டிய பூச்சிமருந்துக்கு அவ்வளவு பொருந்தாது. நிலையான அமுக்கமும் அவற்றுக்கு வேண்டும். கை தளரத் தளர அமுக்கம் இறங்கும் கருவியில் அமுக்கச் சீராக்கி வால்வு இல்லாமல் அவற்றைப் பூட்டிப் பயனில்லை. இன்னொரு வழி ட்ரோன். அதன் கீழ்நோக்கிய காற்று துளியைப் பயிருக்குள் தள்ளும். ஆனால் ஏக்கருக்கு அது தெளிக்கும் நீர் மிகக் குறைவு. அதனால் கரைசல் செறிவாகவும் துளி சிறிதாகவும் இருக்கும், காற்றோடு அலையும் ஆபத்தும் கூடும். ட்ரோனுக்கு முன் கமநல சேவை நிலையங்கள் களைக்கு ஒரு நொசில், பூச்சிக்கு ஒரு நொசில், ஒரு வால்வு என்று விவசாயியின் கையில் கொடுத்து, எந்தக் காற்றில் அடிக்கக்கூடாது என்று வயலில் வைத்தே காட்ட வேண்டும்.