கடைமடை அளவுகோல்

போர் முடிந்த நாட்டுக்கு ஒரு தலைவர் மேற்கொள்ளும் பயணத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? ஆரல்வாய்மொழியில் அதற்கு விடை உண்டு. 1809இல் ஆங்கிலேயப் படை திருவிதாங்கூரின் அரணை உடைத்து நுழைந்த கணவாய் இது. உள்ளே விரிவது பேச்சிப்பாறை அணையின் நீரை நம்பிய நாஞ்சில் நாட்டு வயல். இங்கே அணையின் பெருமையைவிடக் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதே பெரிய கேள்வி. 2015 மார்ச் 13, 14 தேதிகளில் பிரதமர் நரேந்திர மோடி இலங்கையில் மேற்கொண்ட பயணத்தையும் அப்படியே அளக்கலாம்.

முதலில் படைவீரர்கள். பத்தரமுல்லையில் உள்ள இந்திய அமைதிப்படை நினைவிடத்தில் மோடி அஞ்சலி செலுத்தினார். 1987 முதல் 1990 வரை இலங்கையில் உயிர்நீத்த ஏறத்தாழ 1,200 வீரர்களைத் தாய்நாடு நெடுங்காலம் உரக்க நினைத்ததில்லை. ஆகவே அந்த அஞ்சலி உரியது, நேர்மையானது. ஆனால் அது பாதி நினைவு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அதே படையின் துப்பாக்கிகளுக்கு நோயாளிகளும் மருத்துவர்களும் பலியானார்கள். யாழ்ப்பாணம் சென்ற முதல் இந்தியப் பிரதமரான மோடியின் நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்கு இடமில்லை. இறந்தோரில் ஒரு சாராரை மட்டும் வணங்குவது மரியாதையாகலாம்; நல்லிணக்கமாகாது.

அடுத்தது மறுகட்டுமானம். இதில் இந்தியாவின் சாதனை மெய்யானது. இளவாலையில் மோடி கையளித்த வீடுகள் 50,000 வீட்டுத் திட்டத்தின் பகுதி. வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணைகளாகச் சேர்ந்தது. கட்டுவது அவர் பொறுப்பு. ஒப்பந்ததாரர் கட்டிய முன்னோடி வீடுகளிலிருந்து பாடம் கற்று வந்த முறை இது. பெறுபவரைப் பொறுப்பாளராக்கியதே இதன் சிறப்பு.

வேளாண்மைக்கான உதவியில் அந்தத் தெளிவு இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்ததும் 500 டிராக்டர்கள் வடக்கின் கமநல (வேளாண்) சேவை நிலையங்களுக்குப் போயின. மீள்குடியேறியோருக்கு விவசாயக் கருவிப் பொதிகளும் கிடைத்தன. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கும் இந்திய நிதி சென்றது. கருவி உடனடித் தேவை, கல்வி நெடுநாள் முதலீடு. இரண்டும் சரியான தேர்வுகள். ஆனால் உழவின் முதல் தேவையான நிலம் இந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றது.

அந்த விடுபடல் பயணப் பாதையிலேயே தெரிந்தது. மோடி வழிபட்ட கீரிமலை நகுலேஸ்வரம் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. கிணற்று நீரில் வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் அது. அங்கே 6,381 ஏக்கரைக் கையகப்படுத்த 2013இல் அரசு அறிவித்தல் விடுத்திருந்தது. 2015 தொடக்கத்தில் ஒரு பகுதியை விடுவிக்கும் பணி தொடங்கினாலும், பெரும்பகுதி இராணுவத்திடமே இருந்தது. உரிமையாளர்கள் பலர் இடம்பெயர்ந்தோருக்கான நலன்புரி நிலையங்களில் காலம் கழித்தார்கள். இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தை முழுமையாக நிறைவேற்றி அதற்கு அப்பாலும் செல்ல வேண்டும் என்று கொழும்பில் மோடி வலியுறுத்தியது பாராட்டத்தக்கது. மாகாணங்களுக்கான காணி அதிகாரம் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கொள்கையையும் கண்ணெதிரே கிடந்த அந்தக் காணியையும் அவர் பயணம் ஒன்றோடொன்று பொருத்தவில்லை. உதவிக்கு நிலவிடுவிப்பை இணையான படியாக வைத்திருந்தால் கொள்கைக்குக் கால் முளைத்திருக்கும்.

ஆகவே தீர்ப்பு இது: வீட்டுத் திட்டமாக இந்தப் பயணம் வென்றது, வீரவணக்கமாகப் பாதி நிறைவு, வேளாண் மறுகட்டுமானமாகக் கடைமடையை எட்டவில்லை. இனி வடக்குக்குச் செல்லும் எந்த இந்தியத் தலைவரும் எத்தனை டிராக்டர் கொடுத்தோம் என்ற கணக்கோடு எத்தனை ஏக்கர் உழுதவனிடம் திரும்பியது என்ற கணக்கையும் கொண்டுவர வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை ஏற்கக் கூடாது.