வெறுங்கால், கடைசி கோல், காவல் சீருடை: கால்பந்து வீரர்களை ஒரு வரியில் அறிமுகம் செய்தல்

ஒரு கால்பந்து வீரரைப் பற்றிய கட்டுரைக்கு வாசகரை ஈர்க்க, அவரைக் குறித்த வியப்பான செய்தி ஒன்றை முன்னால் நிறுத்துவது இதழ்களிலும் பொது அறிவு நூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் உள்ள வழக்கம். "உங்களுக்குத் தெரியுமா?" என்ற தலைப்பில் வருபவை இவ்வகையைச் சேர்ந்தவை. கட்டுரையைப் படிக்காதவரும் அந்த ஒரு வரியைப் படித்துவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை வீரரின் வரலாறு அவ்வளவே. எனவே அந்த வரி சுவையாக இருந்தால் மட்டும் போதாது. இந்தியக் கால்பந்தில் பரவலாக வழங்கும் மூன்று செய்திகள் இதை விளக்கும்.

வெறுங்கால் கதை

"வெறுங்காலுடன் ஆடத் தடை விதித்ததால் இந்தியா 1950 உலகக்கோப்பையில் பங்கேற்கவில்லை" என்பது மிகவும் புகழ்பெற்ற செய்தி. தகுதிச்சுற்றில் தன் பிரிவிலிருந்த மற்ற அணிகள் விலகியதால் இந்தியா பிரேசில் செல்லத் தகுதி பெற்றதும், பின்னர் விலகிக்கொண்டதும் உண்மை. ஆனால் அதற்குக் காலணி காரணமன்று. அணித்தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய காலம் இல்லாமை, நெடுந்தொலைவுக் கடற்பயணம், உலகக்கோப்பையைவிட ஒலிம்பிக்கைப் பெரிதாகக் கருதிய போக்கு ஆகியவையே காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கிலும் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதே இக்கதையை ஐயுறப் போதுமானது. அப்போட்டியில் யூகோசுலாவியாவிடம் 1–10 எனத் தோற்ற பின்னரே காலணி அணிவது கட்டாயமானது.

இக்கதையின் கேடு, அது பொய் என்பதோடு முடிவதில்லை. வெறுங்காலுடன் ஆடிய தலைமுறையின் ஆட்டத்தையே அது மறைத்துவிடுகிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 1–2 எனத் தோற்ற ஆட்டத்தில், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அதே ஆட்டத்தில் இரண்டு பெனால்டி வாய்ப்புகளை இந்தியா தவறவிட்டது. வெறுங்காலை அறிந்த பலர் ராமனை அறியார்.

கடைசி கோல்

தமிழரான சைமன் சுந்தர்ராஜ் பற்றி எழுதப்படும் வரி, "ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோலை அடித்தவர்" என்பது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா, வெண்கலம் வென்ற அங்கேரியிடம் 1–2 எனத் தோற்றது. பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1–3 எனத் தோற்றது. அதன் பின் இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவில்லை. ஆகவே பெருவுக்கு எதிரான அந்த ஒரு கோல் இன்றும் கடைசி கோலாக நிற்கிறது.

ஆயினும் அக்கோலை அடித்தவர் துளசிதாஸ் பலராம் எனக் குறிக்கும் பட்டியல்களும் உள்ளன. இரண்டு வகைப் பதிவுகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறுவது மற்றொரு வீரரின் கணக்கிலிருந்து ஒரு கோலைக் கழிப்பதாகும். சுந்தர்ராஜுக்கோ அந்த வரி தேவையே இல்லை. 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அணியின் பயிற்சியாளர் அவர். கேரளத்துக்கு முதல் கோப்பையைப் பெற்றுத்தந்த பயிற்சியாளர் ஒரு தமிழர் என்பது எவரையும் நின்று படிக்க வைக்கும். அதில் ஐயமும் இல்லை.

காவல் சீருடை

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவர் ஒருவர் தம் வட்டாரத்துக் கால்பந்து வீரரைத் தேடினால் அண்டை மாவட்டமான கடலூரின் இந்துமதி கதிரேசனைக் காண்பார். 1993 வரை இவ்வூர்கள் மூன்றும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை. இந்துமதியைப் பற்றி அவர் முதலில் படிக்க நேர்வது, கொரோனா காலத்தில் சென்னைச் சாலைகளில் பணியாற்றிய காவல் உதவி ஆய்வாளர் என்ற செய்தியாக இருக்கலாம்.

இது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் அவர் நடுக்கள ஆட்டக்காரர் என்பதோ, 2018இல் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை 2–1 என வென்று முதல் தேசியப் பட்டம் பெற்றபோது இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர் என்பதோ அதில் இல்லை. மகளிர் கால்பந்தில் மணிப்பூர் எவ்வளவு வலிமையானது என்பதை அறிந்தவர்க்கே அந்த வெற்றியின் அளவு புரியும். ஆண் வீரர்களுக்குக் கோல் கணக்கும், வீராங்கனைகளுக்கு வறுமை, குடும்பம், வேலை ஆகியவையும் முதல் வரியாவது தொடர்ந்து காணப்படும் குறை. மைதானத்தில் அவர் செய்ததை விட்டுவிட்டு அவர் மீது இரக்கமோ மதிப்போ கொள்ளச் செய்கிறது அந்த வரி.

தேர்வுக்கான அளவுகோல்

இம்மூன்றில் முதலாவது உண்மையன்று, இரண்டாவது ஐயத்துக்குரியது, மூன்றாவது உண்மையாயினும் ஆட்டத்தைச் சொல்லவில்லை. ஆகவே ஈர்ப்புச் செய்தியைத் தேர்வோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அது ஒன்றுக்கு மேற்பட்ட நம்பகமான பதிவுகளில் ஒத்துவருகிறதா? வீரரின் பெயரை நீக்கி வேறு துறையினர் பெயரை இட்டாலும் அவ்வரி பொருந்துமா? அதைப் படித்தவர் அடுத்து அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்பாரா? முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் "ஆம்" என்றும், நடுக்கேள்விக்கு "இல்லை" என்றும் விடை வருமானால் அவ்வரியைத் தயங்காமல் முன்னிறுத்தலாம். ராமன், சுந்தர்ராஜ், இந்துமதி ஆகிய மூவருக்கும் அத்தகைய வரிகள் உள்ளன. அவற்றை எடுத்து எழுதுவதே செய்ய வேண்டியது.