ஏரியை வெட்டியது யார் என்று பறவை கேட்காது

2017 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஈரநிலங்களுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. அதையும் பழைய 2010 விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தினப்படி பழக்கம்: இரண்டு பதிப்பை ஒப்பிட்டு, எந்த வரி மாறியிருக்கு என்று பார்ப்பது. இங்கே பெரிய மாற்றம் வரையறையிலேயே இருக்கிறது.

2010-இல் இயற்கையோ செயற்கையோ, ஏரி, குளம், நீர்த்தேக்கம் எல்லாமே ஈரநிலம்தான். 2017-இல் ஒரு விலக்கு சேர்ந்தது. குடிநீர், பாசனம், மீன் வளர்ப்பு, உப்பளம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கென்றே மனிதர் அமைத்தவை ஈரநிலக் கணக்கில் வராது.

புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய வரி இது. நம்ம பகுதியின் 84 ஏரிகளும் பாசன ஏரிகள். பாகூர் ஏரியையே எடுத்துக்குங்க. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்து அதை நிரப்புகிறது. விதியை அப்படியே படித்தால், பாகூர் ஏரி வெறும் 'கட்டமைப்பு'.

வில்லியனூர் கொம்யூன் பக்கம் இருக்கும் ஊசுட்டேரியும் பாசனத்துக்கு வெட்டியதுதான். ஆனால் தன் பகுதியைப் புதுச்சேரி 2008-இலும், மறுகரையைத் தமிழ்நாடு 2015-இலும் சரணாலயமாக அறிவித்தன. அதனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே காவல் நிற்கிறது. இரண்டு ஏரிக்கும் சட்டத்தில் உள்ள வித்தியாசம் ஓர் அரசிதழ் அறிவிப்பு மட்டும்தான். கூழைக்கடாவும் நாமக்கோழியும் அரசிதழ் படிப்பதில்லை. ஒரு ஏரி வற்றினால் அடுத்த ஏரிக்குப் போகும். தூங்குற இடத்தைக் காப்பாற்றி, இரை தேடுற இடத்தைக் கைவிட்டால் அது என்ன பாதுகாப்பு?

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. "ஏரி விவசாயிக்கு. தூர் வாரவும் தண்ணீர் திறக்கவும் எவனிடமோ அனுமதி கேட்கணுமா?" 2010 விதிகளில் தூர் வாருவதும், நீர் எடுப்பதும், ஆடு மாடு மேய்ப்பதும்கூட அனுமதிப் பட்டியலில் இருந்தன. அந்தச் சுமையை நீக்கியிருக்கலாம். காலங்காலமாக நடக்கும் பாசன வேலைக்கு அனுமதி வேண்டாம் என்று ஒரு வரி போதும். அதை விட்டுவிட்டு ஏரியையே வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதனால் மண்வெட்டியோடு வரும் விவசாயிக்குக் கிடைத்த அதே விடுதலை, மனை போட வருபவருக்கும் கிடைத்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் 2017-இலேயே, நாடு முழுக்க அடையாளம் கண்ட 2,01,503 ஈரநிலங்களை 2010 விதிகளின் நான்காம் விதிப்படி காக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் நீதிமன்ற ஆணை என்பது முட்டுக்கட்டை மாதிரி. சுவரைத் தாங்கும், சுவராக ஆகாது.

'யார் வெட்டினார்கள், எதற்கு?' என்று கேட்கிறது இன்றைய விதி. 'இப்போது அங்கே என்ன உயிர் வாழ்கிறது?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அது மாறாதவரை பாகூர் ஏரியின் பறவைகளுக்குச் சட்டத்தில் முகவரி இல்லை.